அலை மேகங்களை அடையாளம் காண்பதில் வரும் தவறுகள்

வானத்தில் வரிவரியாக ஏதாவது தெரிந்தால் போதும், படத்தைப் போட்டு 'கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேகம்' என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் அண்டுலேட்டஸ், அதாவது வரி விழுந்த சாதாரண மேகம்தான். அழகாக இருக்கும், அடிக்கடியும் வரும்.

மேல் விளிம்பைப் பாருங்கள். உண்மையான கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸில் அந்த விளிம்பு, கரையில் உடையும் கடலலை போலச் சுருண்டிருக்கும். சுருள்கள் ஏறக்குறைய சம இடைவெளியில், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். கீழே குளிர்ந்த, கனமான காற்று மெதுவாக நகர்கிறது. அதன்மேல் வெதுவெதுப்பான, லேசான காற்று வேகமாக ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் அலை எழும். வேக வித்தியாசம் ஓரளவைத் தாண்டினால் முகடு மேல்காற்று போகும் திசையில் இழுபட்டுக் கவிழும். சில நிமிடங்களில் எல்லாம் கலைந்துவிடும். 2011 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் இப்படி ஒரு வரிசை தெரிந்து, படங்கள் உலகமெங்கும் சுற்றின. அரை மணி நேரமாக ஒரே சுருள் அசையாமல் நின்றது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

மேகத்தின் அடிப்பக்கம் முழுக்க ஒழுங்கில்லாமல் மேடும் பள்ளமுமாகக் கொந்தளித்தால் அது ஆஸ்பெரிட்டாஸ். அச்சமூட்டும் தோற்றம்தான், ஆனால் அதைப் பார்த்ததும் புயல் வருகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். உலக வானிலை அமைப்பு 2017-இல் புதுப்பித்த சர்வதேச மேக அட்லஸில்தான் இந்தப் பெயர் சேர்ந்தது; சுருளும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலைகளுக்கான ஃப்ளக்டஸ் என்ற பெயரும் அப்போதுதான் சேர்ந்தது.

அப்புறம், நிற்கிற மேகம். மலைக்குப் பக்கத்தில் தட்டையாக, வழவழப்பாக ஒன்று மணிக்கணக்கில் நகராமல் இருக்கும். இது லென்டிகுலாரிஸ். 'மேகம் அசையவில்லை, மேலே காற்றே இல்லை' என்று நினைப்பது நேர்மாறான தவறு. பலத்த காற்று மலையில் மோதி ஏறி, மறுபக்கம் அலையலையாக இறங்கி ஏறுகிறது. ஏறும் இடத்தில் குளிர்ந்து மேகமாகிறது, இறங்கும் இடத்தில் ஆவியாகிறது. காற்று உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்க, மேகம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

நிலநடுக்கம் வரப்போகிறது, அலாஸ்காவின் ஹார்ப் ஆய்வு நிலையம் செய்த வேலை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடலாம். காற்றும் ஈரப்பதமும் போதும்.

மேகம் இல்லாவிட்டால் அலையும் இல்லை என்ற நினைப்புதான் இவற்றில் ஆபத்தானது. போதிய ஈரப்பதம் இருந்தால்தான் அலை நம் கண்ணுக்குத் தெரியும். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபியூஜி மலையருகே வானம் தெளிவாகத்தான் இருந்தது. மலையின் காற்றொதுக்குப் பக்கத்தில், அதாவது காற்று மோதாத மறுபக்கத்தில், எழுந்த கடும் கொந்தளிப்பில் பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்துப் பயணிகள் விமானம் 911 நடுவானிலேயே உடைந்து, அதில் இருந்த 124 பேரும் இறந்தார்கள்.

படம் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அதே இடத்தில் நின்று, ஒரு கட்டடமோ மரமோ சட்டத்துக்குள் வருமாறு, அரை நிமிடத்துக்கு ஒன்றாகச் சில படங்கள் எடுங்கள். சுருள்கிறதா, நகர்கிறதா, நிற்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.