காயலாங்கடைக்குப் போற போர்டுல இருந்து பழைய பிராசஸர் சிப்பு எடுக்குறது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பர்மா தேக்கு அலமாரிக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் பேரம் பேசி வாங்க ஆள் இருக்கு, ஆனா அதே வீட்டு மாடியில தூசி படிஞ்சு கெடக்குற பழைய கம்ப்யூட்டர் மட்டும் கிலோ கணக்குல காயலாங்கடைக்குப் போயி அங்கேருந்து ஆசிட்ல போட்டு தங்கம் எடுக்குறவங்க கைக்குப் போயிருது. எனக்கு அது மனசு கேக்கல. பழைய செராமிக் சிப்புல கெடைக்கிற தங்கத்த விட, கால் (சிப்புலேருந்து நீட்டிக்கிட்டு இருக்குற உலோகப் பின்) வளையாம எழுத்து அழியாம இருந்தா சேகரிக்கிறவங்க குடுக்குற காசு பெரும்பாலும் அதிகம்.

எங்க தேடலாம்னா, 286, 386னு இன்டெல் பிராசஸர் நம்பரால சொல்ற பழைய கம்ப்யூட்டர் மட்டும் இல்லங்க. செங்கல் கனத்துல இருக்குற அந்தக் கால ஹார்ட் டிஸ்க், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எஸ்டிடி பூத்துல இருந்த பில்லிங் மெஷின், பாலிடெக்னிக்ல ஓரங்கட்டின 8085 கிட்டு (இன்டெல் 8085 பிராசஸர வச்சுப் பாடம் நடத்துன போர்டு) எல்லாத்தையும் பாருங்க. 1984ல ஆரம்பிச்ச கிளாஸ்ங்கற அரசாங்க கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்த பிபிசி மைக்ரோங்கற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் கெடைச்சா தயவுசெஞ்சு கழட்டாதீங்க, உள்ள இருக்குற 6502 பிராசஸர் சிப்போட அத முழுசாவே காப்பாத்தணும்.

வீட்டு ஆச்சிகிட்டயோ கணக்குப்பிள்ளைகிட்டயோ கேட்டுட்டு எடுங்க. பைனான்ஸ் கடை ஹார்ட் டிஸ்க்னா உள்ள ஊர்ப்பட்ட பேரோட வரவு செலவு இருக்கும், அதனால அடியில இருக்குற போர்ட மட்டும் ஸ்டார் பிட் போட்டு கழட்டிக்கிட்டு, தகவல் பதிஞ்ச தட்டு இருக்குற பெட்டிய அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. நமக்கு வேண்டிய சிப்பு அந்தப் போர்டுலதான், பழசுன்னா 8051 வகை இல்லன்னா ஸைலாக் இசட்8, கொஞ்சம் பிந்துனதுன்னா இன்டெல் 80சி196. பிக்சர் டியூப் மானிட்டரையும் பவர் சப்ளையையும் தொடாதீங்க, கரண்ட் புடுங்குன பிறகும் உள்ள உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் நிக்கும்.

அடுத்து எழுத்தப் படிக்கணும், இதுலதான் விஷயமே இருக்கு. டி8085ஏஹெச்னு ஒரு சிப்புன்னு வைங்க. இன்டெல்ல முன்னாடி சி வந்தா தங்கம் பூசுன செராமிக், டி வந்தா சாம்பல் கலர் செராமிக், பி வந்தா பிளாஸ்டிக். கீழ எல்432ன்னு ஆரம்பிக்கிற வரியில எல் தயாரான இடம், 4 வருஷத்தோட கடைசி எண், 32 வாரம், அப்போ 1984 ஆகஸ்ட். பக்கத்துல காப்பிரைட் 1980ன்னு இருக்கும், அது டிசைனோட வருஷம், சிப்பு செஞ்ச வருஷம் இல்ல, நெறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க. மலேசியான்னு அடிச்சிருக்கும் பாருங்க, இன்டெல் 1972லயே பினாங்குல ஆலை போட்டுருச்சு, நம்ம ஊர்ச் செட்டியாருங்க கிட்டங்கி (தொழில் நடத்துன கட்டடம்) வச்சு லேவாதேவி பண்ணுன அதே பினாங்கு. எனக்கு அந்த ஒரு வார்த்தையப் பாத்தாலே சிப்பு மேல தனிப் பிரியம் வந்துரும்.

கழட்டும்போது சாக்கெட்ல இருந்தா சின்ன தட்டை ஸ்க்ரூ டிரைவர சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல விடணும், சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல இல்ல. இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல்னு மாத்தி மாத்தி தூக்குனா 40 காலும் நேரா வரும், ஒரே பக்கம் நெம்புனா மறுபக்கத்துக் கால் மடங்கிப் போகும். சால்டர் பண்ணிருந்தா ஒவ்வொரு கால்லயும் பிளக்ஸ் (ஈயம் நல்லா எளகி ஓட உதவுற பசை) தடவி, புது ஈயம் கொஞ்சம் சேத்து, 350 டிகிரியில உருக்கி ஈயம் உறிஞ்சுற பம்ப்ல உறிஞ்சுங்க, பழைய ஈயம் தனியா சீக்கிரம் எளகாது. ட்வீசரால காலத் தொட்டா லேசா ஆடணும். 8085ல 20ம் கால் கிரவுண்ட், 40ம் கால் சப்ளை, ரெண்டுக்கும் நேரம் புடிக்கும், சூடு செம்புப் பட்டையில ஓடிரும். வரலன்னா இழுக்காதீங்க, சிப்ப சுத்தி இருக்குற போர்ட வெட்டி அப்படியே வைங்க, அதுக்கும் மதிப்பு உண்டு. அடுப்புலயோ கேஸ் டார்ச்லயோ போர்ட வாட்டுறத விட்டுருங்க, அந்தப் புகை விஷம். வேலை முடிஞ்சதும் கைய நல்லா சோப்பு போட்டு கழுவுங்க, அது ஈயம்.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், அதுவும் எழுத்து மேல அழுத்தாம. கறுத்துப்போன சிப்புக் கால்கள பித்தளை விளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போயிரும். நடுவுல கண்ணாடி ஜன்னல் இருக்குற ஈப்ராம் சிப்பு (புரோகிராம் பதிஞ்சு வச்ச, புற ஊதா ஒளியில அழியுற மெமரி சிப்பு) கெடைச்சா மேல ஒட்டுன லேபிளப் பிரிக்கவே கூடாது, நேரடி வெயில்ல ஒரு வாரம் கெடந்தா உள்ள இருக்குற புரோகிராம் அழிஞ்சிரும்னு தயாரிச்சவங்களே சொல்லிருக்காங்க, நம்ம ஊரு வெயிலப் பத்தி சொல்லவே வேணாம்.

குத்தி வைக்க கறுப்பு ஆன்ட்டி ஸ்டேட்டிக் ஃபோம் வாங்கிக்கோங்க, தெர்மாகோல்ல குத்தாதீங்க, அதுல உருவாகுற ஸ்டேட்டிக்கே சிப்ப கொன்னுரும். தெர்மாகோல் தவிர வேற எதுவும் இல்லன்னா அது மேல அலுமினியம் ஃபாயில நல்லா சுத்திட்டு அது வழியா குத்துங்க. கூடவே எந்த மெஷின்ல, எந்த ஊர்ல எடுத்ததுன்னு துண்டுச்சீட்டுல எழுதி டப்பாக்குள்ள போட்டு வைங்க, வாங்க வர்றவங்க மொதல்ல கேக்குறதே அதத்தான்.