செவ்வாயில் நடக்கும் கதையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

செவ்வாயில் குடியேறும் மனிதர்களைப் பற்றிய கதை என்றால் புழுதிப் புயல் ஒன்று கிளம்பி ஆளைத் தூக்கி எறியும் காட்சி பெரும்பாலும் வந்துவிடும். அங்கே அப்படி நடக்காது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் இளங்காற்று அளவுக்குத்தான் தள்ளும். பயப்பட வேண்டியது இருட்டுக்கு. 2018-இல் கோள் முழுவதையும் புழுதி மூடியபோது, சூரிய ஒளியை நம்பி ஓடிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி ஜூன் 10-ஆம் தேதியோடு பேச்சை நிறுத்திவிட்டது. வாரக்கணக்கில் பகலே மங்கிக் கிடக்கும்போது, மிச்சமிருக்கும் மின்சாரம் சூடேற்றிக்கா, காற்றைச் சுத்தம் செய்யும் கருவிக்கா என்று ஒரு குடியிருப்பே மல்லுக்கு நிற்பதை எழுதுங்கள். கதை அங்கே இருக்கிறது.

அடுத்தது, பூமியோடு போனில் பேசுவதுபோல மாறி மாறி வரும் வசனங்கள். கோள்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். இங்கே ஒருவருக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது பூமியில் உள்ள மருத்துவரிடம் கேட்டால், பதில் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் முடிவெடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் அரைகுறைப் பயிற்சிக்காரர்தான். இந்தத் தாமதத்தை ஏதோ புதுக் கருவியைக் காட்டி ஒழித்துவிடும் எழுத்தாளர், கையில் கிடைத்த நல்ல காட்சியைத் தானே தூக்கிப் போடுகிறார்.

என்னை அதிகம் உறுத்துவது கண்ணாடிக் கூடாரத் தோட்டம். உள்ளே செடி, கொடி, கோழி. எல்லாம் தன்பாட்டுக்கு நடக்கும். 1991-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் எட்டுப் பேர் 'பயோஸ்பியர் 2' என்ற மூடிய கட்டடத்துக்குள் இரண்டு ஆண்டு வாழப் போனார்கள். நாளாக ஆக மூச்சு வாங்கியது. 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் பதினாலரைக்கு அருகே இறங்கிவிட்டது. காரணம், நல்ல விளைச்சலுக்காகப் போட்ட வளமான மண். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன. செடிகள் அந்த வாயுவை எடுத்து மறுபடி ஆக்சிஜன் விடுவதற்குள், அதில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. கடைசியில் 1993-இல் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். பூச்சிகளில் மகரந்தம் சேர்ப்பவை செத்துப்போக, கரப்பானும் எறும்பும் பெருகின. போதாக்குறைக்கு, அந்த எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். பாலைவனத்தில், கதவைத் திறந்தால் காற்று கிடைக்கும் இடத்திலேயே இந்தப் பாடு! வில்லனைத் தேடி அலைய வேண்டாம், சுவரே போதும்.

மண் என்றதும் ஒன்று: 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு அது. அதைக் கழுவி நீக்காமல் உருளைக்கிழங்கு நட வேண்டாம். அஸ்தமனத்தையும் சிவப்பாக எழுதிவிடாதீர்கள், அங்கே சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும்.

சரி, இதெல்லாம் படித்துவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் பாத்திரங்களின் வாயில் திணிப்பதும் தவறுதான். அங்கேயே பல வருஷம் கிடப்பவர் கூட வேலை பார்ப்பவரிடம், "உனக்குத்தான் தெரியுமே, இங்கே ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம்" என்று பாடம் எடுக்க மாட்டார். கைதவறிய ஸ்பேனர் கீழே விழ அங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் நேரமாகும். பழகியவர் பேச்சை நிறுத்தாமலே அதைப் பாதியில் பிடித்துவிடுவார், நேற்று வந்திறங்கியவர் அவசரப்பட்டுக் கையை அதற்குக் கீழே கொண்டுபோய்விடுவார். ஈர்ப்பைப் பற்றி அந்தப் பக்கத்தில் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை.