இணைய ஆவணப் பொருத்தங்களை வைத்துக் குடும்ப மரம் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மைஹெரிட்டேஜ், ஆன்செஸ்ட்ரி, ஃபேமிலிசர்ச் போன்ற குடும்ப வரலாற்றுத் தளங்களில் ஒரு முன்னோரின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றையும் பதிந்தால், பொருந்தக்கூடிய ஆவணங்களின் பட்டியல் தானாகவே வந்து நிற்கும். பெயர், தேதி, இடம், உறவினர் பெயர்களை ஒப்பிட்டுக் கணினி தயாரிக்கும் பட்டியல் அது. இவர் அவராக இருக்கலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. அவர்தானா என்று உறுதிசெய்வது நம் வேலை.

பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போனதுமே ஏற்றுக்கொள்வதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில், ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே வயதில் ஒரே பெயருடன் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். பெற்றோர், துணைவர், உடன்பிறந்தோர், தொழில், முகவரி ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது கூடவே பொருந்த வேண்டும். கைக்குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் பல சமூகங்களில் இருந்தது. எனவே பிறப்புப் பதிவு கிடைத்ததும் அடுத்த சில ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளையும் பாருங்கள். இரண்டு வயதில் இறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்துவைத்த மரங்கள் இணையத்தில் நிறையவே உண்டு.

அடுத்த பெரிய தவறு, மூல ஆவணத்தைத் திறக்காமலே முடிவுக்கு வருவது. தளம் முதலில் காட்டுவது, பழைய கையெழுத்தை ஒருவரோ ஒரு மென்பொருளோ படித்துத் தட்டச்சு செய்த சுருக்கம். அதில் 1 என்ற எண் 7 ஆகிவிடும். ஊர்ப் பெயர் உருமாறும். குடும்பப் பெயரின் முதல் எழுத்தே மாறிப்போகும். ஆவணத்தின் படம் இருந்தால் கட்டாயம் திறந்து, எல்லாக் கட்டங்களையும் படியுங்கள். சாட்சிகள், தகவல் தந்தவர், வீட்டு முகவரி போன்றவை பெரும்பாலும் சுருக்கத்தில் வருவதில்லை. ஐயத்தைத் தீர்ப்பவை அவைதான். முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். பக்கத்து வீட்டில் மாமனாரோ அண்ணனோ குடியிருந்திருக்கலாம்.

எந்தப் பதிவு எப்படி எழுதப்பட்டது என்று தெரியாமல் படித்தால் சரியான ஆளைக்கூடத் தள்ளிவிடுவோம். இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி சொல்லப்பட்டிருந்தது. 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். அந்தக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற விவரமும் கிடையாது. அது 1851இல்தான் வந்தது. அமெரிக்காவில் 1880இல் வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் அதே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்று எழுதிவிடாதீர்கள், தங்கையாகவும் இருக்கலாம். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. இறப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோ, தகவல் கொடுத்த மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னது.

பிறர் எழுதிய மரங்களோடு வரும் பொருத்தம் ஆவணப் பொருத்தம் ஆகாது. பத்து மரங்களில் ஒரே தேதி இருந்தால், ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து நகலெடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆதாரமாக என்ன இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அதை ஒரு துப்பாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச்சில் எல்லோருக்கும் ஒரே பொது மரம் என்பதால், அங்கே இருவரைத் தவறாக இணைத்தால் மற்றவர்களின் உழைப்பும் குலையும்.

ஏற்கும் முன் ஒரு சின்னக் கணக்கு: பிள்ளை பிறந்தபோது தாய்க்கு வயது 15க்கும் 50க்கும் இடையில் இருந்ததா? தந்தை இறந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதா? ஒரே கணக்கெடுப்பில் அவர் இரண்டு ஊர்களில் இருக்கிறாரா? ஐயம் தீரவில்லை என்றால் ஏற்கவும் வேண்டாம், நிராகரிக்கவும் வேண்டாம். காரணத்தை எழுதி நிறுத்திவையுங்கள். ஏற்கும்போதும் ஒவ்வொரு விவரமாக ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா முடிந்தால் படம் திறக்காமல் போகலாம் என்பதால், அதைத் தரவிறக்கி, காப்பகத்தின் பெயர், தொகுதி எண், பக்க எண்ணோடு சேமியுங்கள்.

தவறான ஆவணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா? அதைப் பிரித்தால் மட்டும் போதாது. அதிலிருந்து வந்த தேதிகளும் ஆட்களும் பல தளங்களில் அப்படியே தங்கிவிடும். அவற்றைத் தனித்தனியாக நீக்க வேண்டும்.