தனிமையில் இருக்கும்போது முதல் அபிப்பிராயத்தைச் சற்றே தள்ளிவையுங்கள்

புதிதாக ஒருவரைச் சந்தித்த சில நிமிடங்களிலேயே ‘இவர் நமக்கு ஏற்றவர்’ என்று மனம் உருகினால், அந்த உருக்கம் அவரால் வந்ததா, பேச்சுத்துணைக்கான உங்கள் ஏக்கத்தால் வந்ததா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரு முகத்தை 0.1 விநாடி பார்த்தாலே அவர் நம்பத்தக்கவரா என்று மனம் முடிவு கட்டிவிடுவதை வில்லிஸ், டொடோரோவ் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் காட்டினர். அந்த அவசர முடிவில் நம் தேவையும் கலந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தவர்கள் புதியவர்களைக் கூடுதல் நட்புடையவர்களாகக் கண்டதாக 2007இல் வெளியான, உளவியலாளர் மேனர் குழுவினரின் ஆய்வு கூறுகிறது. பிறர் தம்மைக் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற அச்சம் மிகுந்தவர்களிடமோ இந்தப் போக்கு தென்படவில்லை. ஏங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அது பசியைப் போன்றது.

ஆகவே, நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசி அந்த ஏக்கத்தைச் சற்றே தணித்துக்கொண்ட பிறகு, அந்தப் புதியவரை இரண்டாம் முறை சந்தியுங்கள். நீங்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை அவர் காத்திருக்கிறாரா, கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டுகிறாரா, சென்ற முறை நீங்கள் சொன்னதை நினைவில் வைத்துக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். முதல் நாளில் ஒட்டாமல் பேசியவருக்கும் இதே இரண்டாவது வாய்ப்பைக் கொடுங்கள்; அவர் வெறும் கூச்சத்தால் ஒதுங்கியிருந்திருக்கலாம்.