ஜாங்கோ ஃபார்மைக் கையால் அடுக்கும்போது விட்டுப்போகிறவை

பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவில் ஃபார்ம் ஒன்று கெட்டுப்போனால் பெரும்பாலும் சத்தமே போடாது. 'சேமி' பட்டனை அழுத்தினால் அதே பக்கம் மறுபடி வந்து நிற்கும். எரர் பக்கம் இல்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை. தோண்டிப் பார்த்தால், டிசைனர் கொடுத்த எச்டிஎம்எல்லுக்கு ஏற்ப யாரோ ஃபீல்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கியிருப்பார். அப்படி அடுக்குவது தவறில்லை. ஆனால் பைத்தானில் இருக்கும் ஃபார்ம் கிளாஸும் பிரவுசருக்குப் போகும் எச்டிஎம்எல்லும் பொருந்தியிருக்க வேண்டும். கையால் எழுதத் தொடங்கியதுமே அந்தப் பொறுப்பு ஜாங்கோவிடமிருந்து நம் தலைக்கு வந்துவிடுகிறது.

முதலில் விட்டுப்போவது எந்த ஃபீல்டுக்கும் சொந்தமில்லாத பிழைச் செய்திகள். முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்பது போன்ற சோதனைகளை ஃபார்மை மொத்தமாகச் சரிபார்க்கும் கிளீன் மெத்தடில் எழுதுவோம். அங்கே எழும் பிழை நான்_ஃபீல்டு_எரர்ஸ் என்ற பட்டியலில் போய் உட்காரும். பக்கத்தின் எச்டிஎம்எல் வார்ப்பான டெம்ப்ளேட்டில் அந்தப் பட்டியலை அச்சிடவில்லை என்றால், பயனர் காரணம் தெரியாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஹிடன் ஃபீல்டில் வரும் பிழையும் இப்படித்தான். ஜாங்கோவே ஃபார்மை வரைந்தால் அதையும் மேலே சேர்த்துக் காட்டும்; கையால் எழுதும்போது யாரும் அதை நினைப்பதே இல்லை.

டெம்ப்ளேட் மொழியின் சுபாவமும் இதற்குத் துணைபோகிறது. ஃபீல்டின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் ஜாங்கோ அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஸ்ட்ரிங்_இஃப்_இன்வேலிட் என்ற அமைப்பை வைத்து இதைப் பிடிக்கலாம். ஆனால் பிழை தேடும் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத மாறி காலியாகத்தான் வரும் என்று நம்பி எழுதிய டெம்ப்ளேட்டுகள் ஜாங்கோவின் அட்மினிலேயே இருக்கின்றன.

இதைவிட ஆபத்தானது, டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு ஃபீல்டை எடுத்துவிட்டு ஃபார்ம் கிளாஸில் அப்படியே விட்டுவைப்பது. பயனர் விவரத்தைத் திருத்தும், டேட்டாபேஸ் மாடலிலிருந்து நேரே உருவாகும் மாடல்ஃபார்ம் ஒன்றில் 'செய்திமடல் வேண்டும்' என்ற செக்பாக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் நீளமாக இருக்கிறதென்று அதை டெம்ப்ளேட்டில் நீக்கிவிடுகிறீர்கள். டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை. அதனால் பக்கத்தில் செக்பாக்ஸ் இல்லையா, இருந்தும் பயனர் டிக்கை எடுத்துவிட்டாரா என்று ஜாங்கோவால் பிரித்துப் பார்க்க முடியாது. தொலைபேசி எண்ணை மாற்ற வந்தவரின் செய்திமடலும் சேர்ந்தே நின்றுபோகும். கட்டாயமில்லாத உரை ஃபீல்டுகளிலும் இதே கதை நடக்கும்: மாடலில் இயல்பு மதிப்பு குறிக்கப்பட்டிருந்தால் பழைய தரவு தப்பிக்கும், இல்லையென்றால் வெறுமையாகிவிடும். காட்டாத ஃபீல்டை ஃபார்ம் கிளாஸுக்குள் இருக்கும் மெட்டாவின் ஃபீல்ட்ஸ் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுவதே பாதுகாப்பான வழி.

இதன் மறுபக்கம் பாதுகாப்பு. எல்லா ஃபீல்டுகளையும் கொண்டுவா என்று ஃபீல்ட்ஸில் எழுதிவிட்டு, டெம்ப்ளேட்டில் காட்டவில்லையே, யார் தொடப்போகிறார்கள் என்று இருப்பவர்கள் உண்டு. டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிந்த எவரும் அந்தப் பெயரில் ஒரு மதிப்பைச் சேர்த்து அனுப்பலாம், ஃபார்ம் அதை மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

இன்புட் டேகையே முழுதாகக் கையால் எழுதுவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். வேல்யூவை மறந்தால், ஒரே ஒரு பிழைக்காகப் பயனர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஃபீல்டு பெயர்களுக்கு முன்னால் ஒட்டும் பிரிஃபிக்ஸை ஃபார்முக்குக் கொடுத்திருந்தால் பெயர் பொருந்தாது. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, பிழையுள்ள ஃபீல்டுகளுக்கும் உதவிக் குறிப்புகளுக்கும் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கான ஏரியா பண்புகளைத் தானே சேர்க்கிறது. கையால் எழுதிய டேகில் அவையும் போய்விடும், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவருக்கு அது நேரடி இழப்பு. சிஎஸ்எஸ் கிளாஸ் மட்டும்தான் தேவை என்றால் இன்புட் டேகை வரையும் விட்ஜெட்டின் ஆட்ரிப்யூட்டில் கொடுத்தால் போதும். லேபிள், உதவிக் குறிப்பு, பிழை, விட்ஜெட் நான்கையும் ஒரே அமைப்பில் வைக்க அதே 5.0-இல் ஃபீல்டு குழு டெம்ப்ளேட் வந்திருக்கிறது. ஃபார்மைப் பத்தி டேகுகளாக வரையும் பழைய ஆஸ்_பி பழக்கத்தில் இருப்பவர்கள், 4.1-இல் வந்த, டிவ் டேகுகளாக வரையும் ஆஸ்_டிவ் பக்கம் மாறலாம்.

விட்ஜெட்டின் டெம்ப்ளேட்டையே மாற்ற நினைப்பவர்கள் ஒரு மதியத்தைத் தொலைக்கும் இடம் ஒன்று உண்டு. ஜாங்கோ 1.11 முதல் விட்ஜெட்டுகள் டெம்ப்ளேட் வழியாகத்தான் வரையப்படுகின்றன. சரி, அதே பெயரில் ஒரு கோப்பை நம் புராஜெக்டின் டெம்ப்ளேட் ஃபோல்டரில் வைத்தால் போதும் என்று தோன்றும். வைத்தால் ஒன்றும் மாறாது. ஃபார்ம்களை வரையும் ரெண்டரர் இயல்பாகத் தனக்கென்று தனி எஞ்சின் வைத்திருக்கிறது, நம் டெம்ப்ளேட் செட்டிங்கை அது பார்ப்பதே இல்லை. ஃபார்ம்_ரெண்டரர் செட்டிங்கை டெம்ப்ளேட்ஸ்செட்டிங் என்று மாற்றி, ஜாங்கோ.ஃபார்ம்ஸை நிறுவிய ஆப்களின் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் டெம்ப்ளேட் இல்லை என்ற எரர் வரும். அப்புறம், இந்தச் சிறு டெம்ப்ளேட்டுகளுக்குப் பிரவுசரின் ரிக்வெஸ்ட் கிடைக்காது. வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை அவற்றுக்குள் வைக்கப் பார்க்காதீர்கள், அது வெளியே ஃபார்ம் டேகுக்குள் இருக்கட்டும்.

கோப்பு ஏற்றும் ஃபார்மில் அனுப்பும் முறையை மல்டிபார்ட் என்று குறிக்காவிட்டால் கோப்பின் பெயர் மட்டும் வரும், கோப்பு வராது. ரிக்வெஸ்டைக் கையாளும் வியூவில், ஏற்றிய கோப்புகள் இருக்கும் ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸையும் ஃபார்முக்குக் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பு தோற்றதும் வியூவில் புது ஃபார்ம் உருவாக்கினாலோ ரீடைரக்ட் செய்தாலோ பிழைகள் எல்லாம் பறந்துவிடும். தோற்ற அதே ஃபார்மை மறுபடி வரையுங்கள், ரீடைரக்ட் வெற்றிக்கு மட்டும்.

எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் தானியங்கி எஸ்கேப்பை அணைப்பதில் நான் கொஞ்சம் கறார். விட்ஜெட்டுக்குப் பக்கத்தில் பயனரின் பெயரைக் காட்ட மதிப்புகளை நேரே செருகும் எஃப்-ஸ்ட்ரிங்கில் எச்டிஎம்எல் கட்டி, 'இதை எஸ்கேப் செய்யாதே' என்று சொல்லும் மார்க்_சேஃபில் போடுவது, பிறர் ஸ்கிரிப்ட் நுழைக்கும் எக்ஸ்எஸ்எஸ் தாக்குதலுக்குக் கதவு திறப்பதுதான். மதிப்புகளை எஸ்கேப் செய்து எச்டிஎம்எல் கட்டும் ஃபார்மட்_எச்டிஎம்எல் அதற்காகவே இருக்கிறது. ஆனால் எஃப்-ஸ்ட்ரிங்கை உள்ளே கொடுத்தால் அதுவும் காப்பாற்றாது, மதிப்புகளைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஆட்ரிப்யூட் மதிப்பைச் சுற்றி மேற்கோள்குறி போடாவிட்டால் எஸ்கேப் செய்தும் பயனில்லை. ஸ்கிரிப்டுக்குத் தரவு அனுப்ப ஜேசன்_ஸ்கிரிப்ட் ஃபில்டர் 2.1 முதல் உண்டு.

ஒரே ஃபார்மைப் பலமுறை அடுக்கும் ஃபார்ம்செட்டில், எத்தனை ஃபார்ம் என்று சொல்லும் மேனேஜ்மென்ட் ஃபார்மை அச்சிட மறப்பது பழைய வியாதி. 3.2-க்கு முன் அது எக்ஸெப்ஷனாக வெடிக்கும், உடனே தெரிந்துவிடும். இப்போது நான்_ஃபார்ம்_எரர்ஸில் ஒரு பிழையாக மட்டும் சேர்கிறது, அதையும் நீங்கள் அச்சிட்டால்தான் கண்ணில் படும். மாடல் ஃபார்ம்செட் என்றால் ஒவ்வொரு ஃபார்மின் ஹிடன் ஐடியும் வேண்டும். வேகத்தையும் இங்கேதான் கவனிக்க வேண்டும்: வேறொரு டேபிளிலிருந்து தெரிவுகளை எடுக்கும் டிராப்டவுன் ஒன்று இருந்தால், ஒவ்வொரு ஃபார்முக்கும் அதற்கான டேட்டாபேஸ் குவெரி தனியாக ஓடும். தெரிவின் பெயரைக் காட்டும் ஸ்டர் மெத்தட், இன்னொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீயைத் தொட்டால், ஒவ்வொரு தெரிவுக்கும் இன்னொரு குவெரி கூடும். அந்த குவெரிசெட்டில் தொடர்புள்ள டேபிளையும் ஒரே குவெரியில் எடுக்கும் செலக்ட்_ரிலேட்டட் போட்டுவிட்டு, குவெரிகளை எண்ணிக் காட்டும் டீபக் டூல்பாரில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள்.