பிஎஃப் பணத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: பணியில் இருந்தவர் இறந்தால் கேட்க வேண்டிய மற்ற இரண்டு

பிஎஃப் பணம் வங்கியில் ஏறியதும் எல்லாம் வந்துவிட்டது என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. இன்னும் இரண்டு பாக்கி: மாதப் பென்ஷன், இடிஎல்ஐ என்கிற காப்பீட்டுத் தொகை. காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை, நிறுவனமே கட்டுகிறது. சம்பளச் சீட்டில் வராத ஒன்று வீட்டில் எப்படித் தெரியும்?

இடிஎல்ஐ அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். இறப்பதற்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது ஓய்வு பெறுபவருக்கான விதி. பணியில் இறந்தவர் பெயரில் ஒரு மாதப் பென்ஷன் பங்கு கட்டியிருந்தாலே மனைவிக்கோ கணவருக்கோ மாதம் குறைந்தது 1,000 ரூபாய் உண்டு. 25 வயது வரை பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு, ஒரே சமயத்தில் இருவருக்கு. பிஎஃப் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் முதல்முறையாகப் பிஎஃப்-இல் சேர்ந்தவருக்கு அது காலியாக இருக்கும்; அப்படியானால் பென்ஷன் கிடைக்காது.

யுஏஎன் என்கிற 12 இலக்க பிஎஃப் அடையாள எண்ணைச் சம்பளச் சீட்டிலோ பழைய குறுஞ்செய்தியிலோ தேடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கணக்கு பெரும்பாலும் கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும். ஆலை வாசலில் விசாரித்தால் 'எங்களிடம் இல்லை' என்பார்கள்.

அடுத்து, வேலையிலிருந்து விலகிய தேதியையும் காரணத்தையும் நிறுவனம் பதிய வேண்டும். காரணம் 'பணியில் மரணம்' என்றே இருக்கட்டும். சும்மா 'விலகினார்' என்று போட்டுவிட்டால் காப்பீடு அங்கேயே சிக்கும்.

மூன்றுக்கும் சேர்த்து இறப்புக்கான ஒரே கூட்டு விண்ணப்பம் இருக்கிறது. தனித்தனியாகக் கொடுத்தால் பிஎஃப்-க்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப். இறப்புச் சான்று, கேட்பவர்களின் ஆதார், ரத்து செய்த காசோலை, பிள்ளைகளின் வயதுச் சான்று, புகைப்படங்கள் இணைக்க வேண்டும். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழும் எடுத்துவையுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட பிஎஃப் நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகிறது. இதை வைத்து வீட்டுக்குள் சண்டை வருவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனம் மூடிவிட்டதா? விண்ணப்பத்தில் நிறுவனத்துக்குப் பதிலாக வங்கி மேலாளரோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பமிட்டால் போதும்.

நம் ஊரில் விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது இனிஷியலால்தான். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பிஎஃப்-இல் ஒற்றை எழுத்து. விண்ணப்பத்துக்கு முன்பே கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் திருத்திவிடுங்கள்.

வருடங்கள் கழிந்துவிட்டன என்று தயங்க வேண்டாம். அவர் இறந்த மறுநாளிலிருந்தே பென்ஷன் கணக்கு; பிந்திக் கேட்டாலும் பாக்கி சேர்ந்தே வரும்.