பதினான்கா, நாற்பதா? ஆங்கிலம் காதில் ஏறுவதற்கு ஒரு வழி

பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கெம்பஸுக்கு, போன முதல் வாரம். அடுத்த வகுப்பு எந்த அறையில் என்று விரிவுரையாளர் வெளியே போகிற போக்கில் சொன்னார். எனக்கு 'ஃபோர்ட்டி' என்று கேட்டது. நாற்பதாம் அறையைத் தேடிப்பிடித்து இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவரும் தெரிந்த முகமில்லை. வந்தவர் மண்ணின் அமிலத்தன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் படிக்கப் போனது கணிதமும் பௌதிகமும். நடுவில் எழுந்து போக வெட்கம். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து மண்ணைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வகுப்பு நடந்தது பதினான்காம் அறையில்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாசித்தால் விளங்கும், எழுதினால் பிழை குறைவு. ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த மொழி எனக்குள் வந்தது கண் வழியாக மட்டும்தான். கரும்பலகை, புத்தகம், வினாத்தாள். காதுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் இலங்கை மலையகத்து ஹட்டனில், ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு கெம்பஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு: "டீச்சர், அவங்க வேகமா பேசுறாங்க." வேகம் கொஞ்சம் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் கஷ்டம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது.

நம் வீட்டில் யாராவது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்கிறோமா? "போய்ட்டு வாறேன்" என்கிறோம். புத்தகத்தில் மட்டும் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்து வரிசை வீடான நம் லயத்து வாசலில் வந்து நின்றால் தலையைச் சொறிய வேண்டியதுதான். ஆங்கிலப் பேச்சுக்கு முன்னால் நாம் நிற்பதும் அப்படித்தான். இதற்கான இலக்கணம்கூட நமக்குத் தெரியும். பால், ஆடை இரண்டும் சேர்ந்தால் பாலாடை. மெய்யில் முடியும் சொல்லும் உயிரில் தொடங்கும் சொல்லும் சேரும்போது நடக்கும் அதே புணர்ச்சிதான் 'செக் இட் அவுட்' என்பதை 'செக்கிட்டவுட்' ஆக்குகிறது. 'நாட் அட் ஆல்' என்பது 'நாட்டட்டோல்' என்று ஒரே சொல்லாக வந்து விழுகிறது.

இன்னொன்று அழுத்தம். தமிழில் எல்லா அசைகளுக்கும் ஓரளவு இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் பொருளைத் தாங்கும் சொற்களுக்குத்தான் மரியாதை. 'டு', 'ஃபார்', 'ஆஃப்', 'கேன்' போன்ற சின்னச் சொற்கள் நடுவில் நசுங்கிவிடும். 'ஐ கேன் கம்' என்பது பேச்சில் 'ஐ க்ன் கம்'. வர முடியாது என்னும்போது 'கான்ட்' நன்றாக நீண்டு முழுசாக ஒலிக்கும். அமெரிக்கர்களின் வாயில் கடைசி 'ட்' விழுங்கப்பட்டு 'கேன்' என்றே நிற்கும், ஆனாலும் அழுத்தம் போகாது. ஆக, அந்த இடத்தில் சொல் முழுசாகக் கேட்டால் பெரும்பாலும் 'முடியாது' என்று வைத்துக்கொள்ளலாம். என் பதினான்கும் இப்படித் தவறியதுதான். 'ஃபோர்டீன்' என்பதில் வால் நீண்டு 'ன்' என்று முடியும், 'ஃபோர்ட்டி'யில் தலையில் அடி விழுந்து வால் சட்டென்று நிற்கும். அன்று நான் தலையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதலில் அன்றாடப் பேச்சு.

பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சியை நான் பயன்படுத்துகிறேன். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு முடிவில் விடை சொல்வார்கள். பேசியது முழுவதும் எழுத்திலும் இலவசமாகக் கிடைக்கும். எழுத்து வடிவம் இல்லாத எதையும் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். எங்கே தவறினோம் என்று காட்ட ஆளில்லாமல் போய்விடும். காணொளியைவிட ஒலிப்பதிவு நல்லது. முகத்தையும் கையையும் பார்த்து ஊகிக்க வழியில்லை, கோப்பும் சின்னது. தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பவர்கள் டவுனுக்கு வரும்போதே நாலைந்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆறு நிமிடத்தையும் எடுக்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் போதும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை சும்மா கேளுங்கள். யார் பேசுகிறார்கள், என்ன விஷயம், சந்தோஷமா சலிப்பா என்பது மட்டும் தெரிந்தால் சரி. அப்புறம் அதில் இருபது விநாடியை வெட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். ஸ்பெல்லிங் தெரியாவிட்டால் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மற்ற ஆசிரியர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. காது என்ன கேட்டது என்பதற்கு அதுதான் நேர்மையான சாட்சி.

போன வருடம் ஒரு வாக்கியம் போட்டேன். எழுத்தில் அது 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ'. பேசியவர் அதை ஒரே மூச்சில் உருட்டிவிட்டார். ஒரு பையன் பக்குவமாக ஆங்கிலத்திலேயே எழுதிக் கொண்டுவந்து காட்டினான்: 'வாட்டர் கேன் டூ'. அதாவது தண்ணீர் கேன் இரண்டு. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மஸ்கெலியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை தமிழில் 'வாட்டய கன டூ' என்று எழுதியிருந்தது. அவள் காது மிகச் சரி. 'கோயிங் டு' என்பது வாயில் 'கன' என்று தேய்ந்துவிடும் என்பதை அவளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். அந்தப் பையன் காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த சொற்களுக்குள் திணித்துவிட்டதால் அவனுக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

எழுதியதை மூலத்தோடு ஒப்பிடும்போது இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். சொல்லே தெரியாததால் விட்டதற்கு நீலம், தெரிந்த சொல்லாக இருந்தும் பிடிபடாமல் போனதற்குச் சிவப்பு. நீலத்தை அகராதி பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை சிவப்பில்தான். அந்தத் துண்டைத் திரும்ப ஓட்டி, பேசுபவரோடு சேர்ந்து அதே ஒட்டோடு வாய்விட்டுச் சொல்லுங்கள், பத்துத் தடவை. உங்கள் வாயில் வந்துவிட்ட ஒட்டு அடுத்த முறை காதில் தவறுவது குறைவு. அம்மா எட்டிப் பார்த்து "என்னடி தனியா பேசுற" என்று கேட்பார், அதையும் சமாளிக்க வேண்டும்.

வேகத்தைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரே ஒருமுறை 0.75-இல் கேளுங்கள், உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் குரல் இழுபட்டு, யாரும் பேசாத ஓர் ஆங்கிலத்தைப் பழக நேரும்.

கெம்பஸ் பேச்சு வேறு ரகம். நூலக நேரம் மாறுவது பற்றிய அறிவித்தல், மாணவரும் அலுவலரும் பேசுவது, இரண்டு மூன்று நிமிடச் சின்ன விரிவுரை. இதற்கு நான் வழி கற்றது, பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில்.

அம்மா கொழுந்து நிறுக்கும் நேரத்தில் சின்ன வயதில் கூடவே நிற்பேன். தகரத்தில் மழை கொட்டும். வரிசை முழுக்கப் பேச்சு. கணக்கப்பிள்ளை கிலோவை வாய்க்குள் முணுமுணுப்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும், ஒரு கிலோ குறைந்தாலும் அந்த இடத்திலேயே நின்று கேட்பார். எப்படி என்று கேட்டதற்கு, "தூக்கிட்டு வாறவளுக்குத் தெரியாதா?" என்றார். எண் வருவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். காது அந்த எண்ணை எதிர்பார்த்து நிற்கும்.

நீங்களும் ஒலியை ஓட்டுவதற்கு முன் தலைப்பைப் பார்த்து, வரக்கூடிய ஐந்து சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். நூலக அறிவித்தல் என்றால் கிழமை, நேரம், அட்டை, தாமதக் கட்டணம், பரீட்சைக் காலம். பாதியாவது வரும். வருகிற இடங்களில் காது ஓய்வெடுக்கும், வராத இடத்தில் விழித்துக்கொள்ளும்.

அதே காரணத்துக்காக, முதல் விரிவுரைகளை உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயத்தில் தேடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இலங்கைத் தேயிலையின் வரலாற்றைவிட வசதியானது எது? 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும், 1869-இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தெரிய வந்ததும், பிறகு கோப்பி அழிந்து தேயிலை பரவியதும் நமக்குக் கதையாகவே தெரியும். கதை தெரிவதால் காது ஒலியை மட்டும் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் வருடத்தை இரண்டு துண்டாகச் சொல்வார்கள்: 'எயிட்டீன், சிக்ஸ்டி செவன்'. ஏக்கர் 'நைன்டீன்'. அதை 'நைன்ட்டி' என்று கேட்டால் ஜேம்ஸ் டெய்லருக்கு 71 ஏக்கர் கூட்டிக் கொடுத்துவிடுவீர்கள். என் பதினான்காம் அறைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

விரிவுரையில் வழிகாட்டிப் பலகைகள் மாதிரிச் சில சொற்கள் உண்டு. 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்' வந்தால் பட்டியல் வரப்போகிறது. 'ஹவெவர்' வந்தால் பேச்சு திரும்பப்போகிறது, பேனாவைத் தயாராக வையுங்கள். 'ஃபார் எக்ஸாம்பிள்' வந்தால் கை கொஞ்சம் ஆறலாம். 'ஆக்சுவலி, நோ' என்றால் இப்போது எழுதியதை வெட்டுங்கள். குறிப்பை முழு வாக்கியமாக எழுதாதீர்கள், தமிழும் ஆங்கிலமும் அம்புக்குறியும் கலந்தே இருக்கட்டும். அது உங்களுக்கு மட்டும்தான்.

வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், நான்கு பிரிவுகள், சுமார் 30 நிமிடம், எல்லாம் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். முதல் பிரிவு அன்றாட உரையாடல், கடைசிப் பிரிவு விரிவுரை. முதல் பிரிவில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதும் தொலைபேசி எண்ணும் வரக்கூடும். பூச்சியத்தை 'ஓ' என்பார்கள், இரண்டு ஐந்துக்கு 'டபள் ஃபைவ்'. 'ஜி'யும் 'ஜே'யும் நம்மவர்களுக்கு அடிக்கடி மாறும். ஸ்பெல்லிங் பிழைத்தால் அந்தப் புள்ளி போச்சு.

ஒலிப்பதிவு அலுத்துவிட்டால் ரயில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து நானுஓயா வரை பதுளை ரயிலில் ஏறினால், எல்லவுக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டிக்குப் பெட்டி இருப்பார்கள். அவர்களை நிறுத்தி வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள், பாவம். பக்கத்தில் நின்று பொதுவாகப் பேசுவதைக் காதில் வாங்கினால் போதும்: எங்கே இறங்குவது, பசிக்கிறது, இந்தப் படம் நன்றாக வந்திருக்கிறதா. ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். பையன்கள் கூச்சல் போடுவார்கள், ஒரு சொல்லும் கேட்காது. வெளிச்சத்துக்கு வந்ததும் அவர்கள் பேச்சு எங்கே போயிருக்கும் என்று ஊகித்துத் தொடருங்கள். விரிவுரையில் ஒரு வாக்கியம் தவறும்போதும் இதேதான். தவறியதை நினைத்துக்கொண்டு நின்றால் அடுத்த மூன்றும் போய்விடும்.

நேரில் கேட்டது பிடிபடவில்லையென்றால் 'பார்டன்' என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் அதே வேகத்தில் அதையே திரும்பச் சொல்வார்கள். கேட்ட பாதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: 'சாரி, ஃப்ரைடே, அட் வாட் டைம்?' எண் என்றால் இலக்கத்தைப் பிரித்துக் கேட்கலாம்: 'ஒன் ஃபோர், ஆர் ஃபோர் ஸீரோ?' அந்த மஸ்கெலியாப் பிள்ளை இந்த வருடம் கெம்பஸ் போய்விட்டாள். முதல் வாரமே போன் பண்ணினாள். "டீச்சர், ரூம் நம்பர் ரெண்டு தடவ கேட்டேன். சேர் சிரிச்சிட்டு போர்ட்லயே எழுதிட்டாரு."